ரெப்ரி காயு!

மலாக்காவின் சரித்திரத்தைப் பந்தாட்டமாக எழுதினால் முதல் பாதி பார்க்கச் சகிக்காது. 1511-இல் போர்த்துகீசியன் வந்து ஒரு கோல். 1641-இல் டச்சுக்காரன் ஒரு கோல். மாதக்கணக்கில் முற்றுகை போட்டு அடித்த அந்த கோலுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்தது பக்கத்து வீட்டு ஜோகூர். 1824-இல் வெள்ளைக்காரன் பந்தைத் தொடக்கூட இல்லை. சுமத்ராவில் தன் கையிலிருந்த பெங்கூலனை டச்சுக்காரன் தலையில் கட்டிவிட்டு, மேசையில் உட்கார்ந்தபடியே மலாக்காவை வாங்கிக்கொண்டான். 1942-இல் ஜப்பான்காரன் சைக்கிளிலேயே வந்து அடித்துவிட்டுப் போனான். சொந்தத் திடலில் ஆடுகிறவனுக்குத்தான் சாதகம் என்று எழுதும் விளையாட்டு நிருபர்கள் மலாக்கா பக்கம் எட்டிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

இதில் நம்மவர் பங்கையும் சொல்லிவிட வேண்டும். சுல்தான் மாமூட் காலத்தில் மலாக்காவில் நைனா சாத்து என்று ஒரு பெரிய வணிகர் இருந்தார், இந்தியாவின் கிழக்குக் கடற்கரையிலிருந்து போனவர். சுல்தான் பிடித்து வைத்திருந்த போர்த்துகீசியக் கைதிகளுக்கு அவர் மறைவாக உதவினார். ஊர் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் கைக்குப் போனதும் அவருக்குப் பெண்டாஹாரா பதவி கிடைத்தது. இடைவேளையில் ஜெர்சி மாற்றிக்கொண்ட முதல் ஆட்டக்காரர் என்று அவரைத்தான் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளில் அந்தப் பதவியையும் போர்த்துகீசியனே பிடுங்கிக்கொண்டான். கட்சி மாறுகிறவர்கள் இதைப் படித்துப் பயந்துவிடப் போவதில்லை.

போர்த்துகீசியன் கட்டிய கோட்டையை, மலாக்காவைத் தற்காலிகமாகக் கையில் வைத்திருந்தபோதே, 1807-இல் வெள்ளைக்காரன் வெடி வைத்துத் தகர்த்தான். ராஃபிள்ஸ் குறுக்கே வந்து சொன்னதால் ஒரே ஒரு வாசல் தப்பியது. கோட்டை இல்லை, வாசல் இருக்கிறது. இன்றைக்கும் சுற்றுப்பயணிகள் அந்தப் பக்கம் நுழைந்து இந்தப் பக்கம் வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். திடல் போய் கோல் போஸ்ட் மட்டும் மிஞ்சிய ஊர் உலகத்தில் வேறு உண்டா, தெரியவில்லை.

உண்மையான திடலும் ஒன்று இருந்தது. அதே வாசலுக்கு முன்னால் பண்டார் ஹிலிர் பாடாங். அதன் ஓரத்தில் 1912-இல் துரைமார் தங்களுக்கு ஒரு கிளப் கட்டிக்கொண்டார்கள். உள்ளே பிரம்பு நாற்காலி, வெளியே பச்சைப் புல். 1956 பிப்ரவரி 20-ஆம் தேதி லண்டனிலிருந்து திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான் நேராக அந்தத் திடலுக்கு வந்து, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 31-இல் சுதந்திரம் என்று அறிவித்தார். அறிவிப்பைச் செய்தவரே அப்போது நாட்டின் காற்பந்துச் சங்கத்துக்கும் தலைவர், ஆகவே இறுதி விசில் ஊதத் தகுதியான ஆள்தான். கிளப் கட்டடம் இப்போது சுதந்திர நினைவகம். திடலைக் குடைந்து பேரங்காடி கட்டிவிட்டார்கள். மேலே புல், கீழே செருப்புக் கடை. நாட்டின் விடுதலை அறிவிக்கப்பட்ட இடத்தில் இப்போது விடாமல் தள்ளுபடி அறிவிக்கிறார்கள்.

நம் கதை அங்கே நடக்கவில்லை. நகரத்தை விட்டு உள்ளே தள்ளி, ஆயர் குரோ, டுரியான் துங்கல், புக்கிட் கட்டில் பக்கம் பால்மரக் காட்டுக்குள் நடக்கிறது. 1896-இல் டான் சே யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கரில் ரப்பர் நட்டார். நாட்டில் வியாபாரத்துக்காக நட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான், ஆயர் குரோவிலிருந்து அதிக தூரமில்லை. பிறகு அவரே புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டு, நல்ல விலை வந்ததும் லண்டன் கம்பெனிக்கு விற்றுவிட்டார். மரத்தை விற்றார் சரி, மரத்தோடு நாமும் சேர்ந்து போனோம். பெரட்டு, கங்காணி, தண்டல், கிராணி, துரை என்று ஒரு முழு அணி நமக்கு எதிராக இறங்கியது. பதினோரு பேரும் அவர்கள் ஆள், விசிலும் அவர்கள் கையில்.

இந்த ரப்பர்க் காசிலும் ஈயக் காசிலும்தான் காற்பந்துக் கோப்பையே வந்தது. முதல் உலகப் போர் நேரத்தில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டு மாநிலங்களின் பணத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலே கட்டிக் கொடுத்தார்கள். அதற்கு எச்.எம்.எஸ். மலாயா என்று பெயர். 1916-இல் ஜட்லாண்டில் குண்டடி பட்டுத் தப்பிய அந்தக் கப்பல் 1921-இல் நம் கரைக்கு வந்தது. உபசாரத்தில் மனம் குளிர்ந்த மாலுமிகள் கைம்மாறாக இரண்டு கோப்பைகள் கொடுத்தார்கள், ஒன்று காற்பந்துக்கு, ஒன்று ரக்பிக்கு. கப்பல் கொடுத்தவனுக்குக் கிண்ணம்! அந்த வருஷமே சிங்கப்பூர் சிலாங்கூரை 2–1 என்று வென்று காற்பந்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அதுதான் பிற்பாடு மலேசியக் கிண்ணம் ஆனது. மலாக்கா அந்த நான்கில் சேர்ந்ததில்லை, கப்பலுக்கு மொய் எழுதவில்லை. மொய் எழுதாத வீட்டுக்குத் தாம்பூலம் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ, அந்தக் கிண்ணத்தை மலாக்கா இன்றுவரை ஒருமுறைகூட வென்றதில்லை.

தோட்டத்தில் பந்து எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை. துரை இலவசமாகக் கொடுத்தார் என்பார்கள் தாத்தாமார். கள்ளுக்கடையையும் அவர்தான் திறந்து வைத்தார் என்பதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். காலையில் பால் வெட்டி, வாளி சுமந்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு, பொழுது சாய மிச்சமிருக்கும் தெம்பைத் திடலில் விடுவது ஒரு கட்சி. கடையில் விடுவது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் உறுப்பினராக இருந்தவர்கள்தான் அதிகம். எங்கள் பெரியப்பா இடது ஓரம் ஓடுவார். இடது ஓரத்தில்தான் கள்ளுக்கடை இருந்தது.

தோட்டத் திடலுக்குச் சில சட்டங்கள் உண்டு. பந்து பால்மரத்தில் பட்டால் ஆட்டம் தொடரும், மாட்டின் மேல் பட்டால் மாட்டுக்காரர் முடிவு செய்வார். கிராணி மகனை யாரும் தள்ளி விழுத்தக் கூடாது. அவன் காலில் பந்து இருக்கும்வரை எல்லாரும் மரியாதையாகக் கூடவே ஓட வேண்டும். அவன் அடித்த கோல்களைச் சேர்த்தால் பீலேவுக்கு மேல் வரும்.

இப்படிப்பட்டவர்கள் குபு ஸ்டேடியத்துக்குக் கிளம்பினால் எப்படி இருக்கும்? மலாக்கா அணிக்கு அப்போது அதுதான் சொந்த வீடு. எண்பதுகளில் மாநில அணி ஆடுகிற நாளில் தோட்டத்து லோரி டவுனுக்குப் போகும். அது காலையில் ஒட்டுப்பால் ஏற்றிய லோரி. ஒட்டுப்பால் வாடையை மோந்து பார்க்காதவர்களுக்கு அதை விளக்க முடியாது, மோந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சிக்னலில் லோரி நின்றால் பக்கத்துக் காடிகளில் கண்ணாடி ஏறும். பவுடரை முகத்தில் அப்பிக்கொண்டு, கட்டம் போட்ட சட்டையை மடித்து விட்டுக்கொண்டு, நாங்களோ ராஜாக்கள் மாதிரி நின்றுகொண்டு போவோம். "சாஞ்சு நிக்காதடா, பேண்ட்ல ஒட்டிக்கும்!" என்று சித்தப்பா கத்துவார். அவர் பேண்டில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும்.

சிமெண்டுப் படிக்கட்டு. உச்சி வெயில் முழுவதையும் குடித்து வைத்திருந்து, நாம் உட்காரும்போது திருப்பிக் கொடுக்கும் படிக்கட்டு. நாளிதழ் வாங்குவது படிக்க அல்ல, உட்கார. அரை மணி கழித்து எழுந்தால் அன்றைய தலைப்புச் செய்தி பின்பக்கத்தில் திருப்பிப் போட்டு அச்சாகியிருக்கும். கூரை பெரியவர்களுக்கு மட்டும். பெரியவர்கள் என்றால் வயதில் அல்ல, பதவியில். மழை பெய்தால் கூரைக்குக் கீழே இருப்பவர்கள் குடை பிடித்தபடி நம்மைப் பார்த்து இரக்கப்படுவார்கள், அதற்கும் சேர்த்துத்தான் டிக்கெட். மலாக்காவில் மழை சாயங்காலம் தவறாமல் வரும். அணிதான் சில வாரம் வராது. வந்த மாதிரியே தெரியாது என்று சொல்கிறேன்.

கழிவறையைப் பற்றி எழுதச் சொன்னார்கள் நண்பர்கள். குடும்பப் பத்திரிகையில் அது முடியாது. முதல் பாதி முடியும்வரை அடக்கிக்கொண்டவர்கள் தியாகிகள், இரண்டாம் பாதியும் அடக்கிக்கொண்டவர்கள் ஞானிகள். மற்றவர்களுக்கு வெளிச்சுவர் இருந்தது.

கச்சாங் பூத்தே விற்பவர் மட்டும் எந்த நாளும் தோற்றதில்லை. தலையில் தட்டு, தட்டில் கடலை, பட்டாணி, முறுக்கு, கையில் கூம்பாகச் சுருட்டிய காகிதம். பள்ளிப் பிள்ளைகளின் பழைய கணக்கு நோட்டுதான் பெரும்பாலும் அந்தக் கூம்பு. கடலை தீர்ந்ததும் பிரித்துப் பார்த்தால் சிவப்பு மையில் பெரிய சுழி. கோல் எண்ணிக்கையும் அதேதான் என்பார் மாமா. விற்கிறவர் நம்மாள், வாங்குகிறவர் மலாய்க்காரர், சீனர், நம்மாள் எல்லாரும். ஒற்றுமையைப் பற்றி மேடையில் பேசியவர்கள் கூரைக்குக் கீழே இருந்தார்கள். கடலைத் தட்டு வெயிலில் நடந்து கொண்டிருந்தது.

இனி முக்கியமான விஷயம். நாங்கள் எதற்காகப் போனோம்? பந்து பார்க்க என்று வீட்டில் சொல்வோம். உண்மையில் கத்தத்தான் போனோம். வாரம் ஆறு நாள் "சரிங்க தொர, சரிங்க கிராணி" என்று வாய் பொத்தி நின்ற ஆள், விசில் ஊதும் ஒருவனைப் பார்த்து ஆயிரக்கணக்கான பேரோடு சேர்ந்து "ரெப்ரி காயு!" என்று முழுத் தொண்டையில் கத்தலாம். மரக்கட்டை ரெப்ரி! யாரும் பெரட்டில் பெயர் எழுத மாட்டார்கள், சம்பளம் பிடிக்க மாட்டார்கள். எங்கள் பெரியப்பா ஆட்டம் தொடங்கும் முன்பே கத்த ஆரம்பித்துவிடுவார். "இன்னும் விசிலே ஊதலையே பெரியப்பா?" என்று கேட்டால், "ஊதுவான் லா. ஊதுனா தப்பாத்தான் ஊதுவான்" என்பார். வாரம் பூராவும் தண்டல் மேல் வந்த கோபத்துக்கு ரெப்ரி வட்டியும் முதலுமாகக் கட்டினார். பாவம், அவர் எந்த ஊர்ப் பள்ளி வாத்தியாரோ. வீட்டில் மனைவியும் அதையே சொல்லியிருப்பார்.

திட்டுவதிலும் ஒரு முறை இருந்தது. ரெப்ரியை மலாயில், எதிரணியை இரண்டு மொழியில், நம் அணியைத் தமிழில். நெருங்கிய சொந்தத்தைத் தாய்மொழியில்தானே திட்ட முடியும். கோல் கீப்பர் பந்தை விட்டால் மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டோம். அதற்குக் காரணம் ஆறுமுகம்.

ஆர். ஆறுமுகம் சிலாங்கூர்க்காரர், மலாக்காவுக்கு எதிரணி. ஆனால் தேசிய அணியின் கோல் வாசலில் நிற்கும்போது அவர் எல்லாத் தோட்டத்துக்கும் மச்சான் முறை. நீளக் கை, அதனால் ஸ்பைடர்மேன் என்று பட்டம். 1980 ஏப்ரல் 6-ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் தென் கொரியாவை 2–1 என்று சாய்த்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். ஹசான் சானி தள்ளிய பந்தில் வெற்றி கோல் போட்டவர் ஜேம்ஸ் வோங். அப்புறம் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. நம் இடத்தில் ஈராக் போய் ஆடியது. தோற்ற கொரியாவும் வீட்டில், ஜெயித்த மலேசியாவும் வீட்டில். ஆறுமுகம் 1988-இல் கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார். 2016-இல் 'ஓலா போலா' என்ற படத்தில் அந்த 1980 அணியின் கதையைத் தழுவி எடுத்தபோது, கோல் வாசலில் ஒரு தமிழ்ப் பையனைத்தான் நிறுத்தினார்கள். தியேட்டரில் பெரியவர்கள் அழுதார்கள். பக்கத்தில் இருந்த பேரப்பிள்ளைகள் பாப்கார்ன் தீர்ந்துவிட்டதாக நினைத்தார்கள்.

அந்த 1980-க்கு எட்டு வருஷம் முன்னால் மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போனோமே, அதையும் விடக்கூடாது. எம். சந்திரன், வி. கிருஷ்ணசாமி, எங்கள் மலாக்காவின் 'தௌக்கே' சோ சின் ஆன் எல்லாரும் இருந்த அணி. அமெரிக்காவை 3–0 என்று அடித்தார்கள். மற்ற இரண்டு ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 0–3, மொராக்கோவிடம் 0–6. பின்னால் சொன்ன இரண்டும் எங்கள் வீட்டில் பேசப்படாது. அமெரிக்கா என்ற வல்லரசைத் தோற்கடித்த நாடுகள் என்று மாமா ஒரு பட்டியல் வைத்திருந்தார்: வியட்நாம், மலேசியா. அமெரிக்கர்களுக்குக் காற்பந்து பெரிய விளையாட்டே இல்லை, பேஸ்பால்தான் என்று யாராவது சொன்னால், "ஆமா, தோத்தவன் அப்படித்தான் சொல்வான்" என்பார்.

1983-க்கு வருவோம். இந்தியா லார்ட்ஸில் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டிலிருந்து வந்த வாரப் பத்திரிகைகளில் கபில்தேவ் சிரித்தார். தோட்டத்தில் யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை, ஏனென்றால் அதே ஆண்டு மலாக்கா மலேசிய லீக்கில் முதலிடம் பிடித்திருந்தது. ஆம், எங்கள் மலாக்கா! நானூற்றுச் சொச்சம் வருஷமாக வந்தவனுக்கெல்லாம் கோல் விட்ட ஊர். லீக் பட்டம் என்று தனியாகக் கொடுக்க ஆரம்பித்ததே அதற்கு முந்தைய ஆண்டுதான், முதல் பட்டம் பினாங்குக்கு. இரண்டாவது எங்களுக்கு. கிண்ணம் அந்த வருஷமும் வரவில்லை, பகாங்குக்குப் போனது. அதனால் என்ன? நாற்பது வருஷமாக இந்த ஒரு லீக்கை வைத்துக் குடும்பம் நடத்துகிறோம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1989-இல் ஆட்டக்காரர்களுக்குப் பாதிச் சம்பளம், பாதி வேலை என்று அரைத் தொழில்முறை லீக் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஆட்டத்தை விற்ற ஊழல் வெடித்து, நாடு முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், பலர் தடை செய்யப்பட்டார்கள். அன்றைக்குத்தான் பெரியப்பா முதன்முதலாக ரெப்ரிக்காக வருத்தப்பட்டார். "அந்தாள் பாட்டுக்கு ஒழுங்காத்தான் ஊதியிருக்கான் போல. நாமதான் வீணா தொண்டையக் கெடுத்துக்கிட்டோம்."

2000-க்குப் பிறகு குரூபோங்கில் புது ஸ்டேடியம் எழுந்தது. நாற்பதாயிரம் பேர் உட்காரலாம். எல்லாருக்கும் நாற்காலி, செய்தித்தாள் வேண்டாம். பெயர் ஹாங் ஜெபாட். சுல்தானை எதிர்த்து நின்று, உயிர் நண்பன் ஹாங் துவா கையாலேயே குத்துப்பட்டுச் செத்த வீரன். சொந்த வீட்டுத் திடலுக்கு, சொந்த அரண்மனையிலேயே தோற்றவன் பெயரை வைத்த துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. பெயரின் ராசியோ என்னவோ, 2017-இல் சூப்பர் லீக்குக்கு ஏறிய மலாக்கா யுனைடெட்டுக்குச் சம்பள பாக்கி, நிதிச் சிக்கல் என்று வரிசையாக வந்து, 2023 பருவத்துக்கு உரிமமே கிடைக்கவில்லை. கடைசியில் குத்தியது வெளியாள் இல்லை.

பழைய திடலைக் கட்டிக்காக்கும் ஊர்களும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டனில் ஃபென்வே பார்க் என்று ஒரு பேஸ்பால் திடல் இருக்கிறது, 1912-இல் திறந்தது. சில இருக்கைகளில் உட்கார்ந்தால் தூண் மட்டும்தான் தெரியும். ஒரு பக்கம் முப்பத்தேழு அடி உயரப் பச்சைச் சுவர். அந்தச் சுவருக்கே பட்டப்பெயர் வைத்து, அதன் மேல் நாற்காலி போட்டு, காசு வாங்குகிறார்கள். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு 1914-ஐச் சேர்ந்தது, அங்கேயும் இதே பக்தி. தூண் மறைப்பதைச் சரித்திரம் என்று விற்கத் தெரிந்திருக்கிறது அவர்களுக்கு. நம்மிடமும் சுவர் இருந்தது. அதை நாங்கள் எதற்குப் பயன்படுத்தினோம் என்று மேலே சொல்லியாகிவிட்டது.

ஆயர் குரோவும் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. பால்மரம் நின்ற பக்கங்களில் விலங்குத் தோட்டம், முதலைப் பண்ணை, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, கோல்ஃப் திடல், பல்கலைக்கழகம், மாநில அரசின் தலைமையகம், நெடுஞ்சாலை டோல். மினி மலேசியா என்று ஒரு பூங்காவும் உண்டு. ஒவ்வொரு மாநிலத்தின் பாரம்பரிய வீட்டையும் அச்சு அசலாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். லயத்து வீடு ஒன்றைக் காணோம். கட்டினாலும் எந்த மாநிலத்தின் பெயரில் நிறுத்துவது என்று சண்டை வரும், எல்லா மாநிலத்திலும் ஒரே அளவு, ஒரே தகரம்.

சொந்தக்காரர்கள் இப்போது தாமான்களில் சிதறிக் கிடக்கிறார்கள், கல்யாணத்தில்தான் சேருகிறோம். சென்ற முறை மண்டபத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது அந்த லோரிப் பயணம் மறுபடி கிளம்பியது. எதிரணி ஜோகூர் என்றார் சித்தப்பா. பேராக் என்றார் மாமா. 2–1 என்றார் ஒருவர். 4–1, அதில் ஒன்று தலையால் அடித்தது என்றார் இன்னொருவர். பெரியப்பா, "கோலெல்லாம் எவன் லா பார்த்தான், அந்த பெனால்டிய குடுக்கலையே அந்தக் காயு!" என்றார். பொரியல் வந்தது, ரசம் வந்தது, கோல் ஏறிக்கொண்டே போனது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி மகன் பொறுக்க முடியாமல் போனை எடுத்தான்.

"எந்த வருஷம்னு சொல்லுங்க தாத்தா, இதுல பார்த்துடலாம்."

சித்தப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இதுல போட்டவன் அன்னிக்கு லோரில வந்தானா?"